மரப்பீடமும் 1189ஆம் பிரிவும்

திருச்சபைச் சட்டத்தின் 1189ஆம் பிரிவில் மயக்கத்துக்கு இடமில்லை. பழமையாலோ கலைச் சிறப்பாலோ மக்கள் காட்டும் பக்தியாலோ மதிப்புப் பெற்ற திருவுருவம் ஒன்று பழுதுபார்க்க வேண்டிய நிலைக்கு வந்தால், உரிய மேலதிகாரியின் எழுத்துமூல அனுமதியின்றி எவரும் அதில் கைவைக்கக் கூடாது. அந்த மேலதிகாரியும் அனுமதி கொடுக்குமுன் விஷயம் தெரிந்தவர்களைக் கலந்தாலோசிக்க வேண்டும். இவ்வளவுதான். எங்கள் கோவிற்பற்றில் இதை வாசித்து விளங்கிக்கொண்ட ஒரேயொரு ஆள் நான்தான் என்பதில் அந்தக் காலத்தில் எனக்குப் பெருமையும் இருந்தது. இப்போது நினைத்தால் துருப்பிடித்த ஆணியை வாய்க்குள் வைத்திருப்பது போலிருக்கிறது.

அந்தச் சட்டத்தொகுப்பு நடைமுறைக்கு வந்த 1983ஆம் ஆண்டிலேதான் நானும் அரசாங்கக் கந்தோரில் பிரதம லிகிதராக இருந்து ஓய்வு பெற்றேன். கலவரத்துக்குப் பிறகு கொழும்பிலிருந்து கப்பலில் வந்து இறங்கியபோது என்னிடம் ஒரு சூட்கேசும் ஓய்வூதியக் கோப்பும் இருந்தன. சூட்கேசை மனைவி தூக்கினாள்; கோப்பை நான் தூக்கினேன். ஊருக்கு வந்து மூன்று மாதத்துக்குள் என்னைக் கோவிற் சபைக்குச் செயலாளர் ஆக்கினார்கள். ஊர் முழுக்கக் கடற்தொழில் செய்யும் ஊர். நானும் தொழிலாளியின் மகன்தான். ஆனால் வலை பிடிக்காத கை என்று என் கைக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தக் கைக்கு அவர்கள் கூட்டக் குறிப்பு எழுதும் மினிற் புத்தகத்தைக் கொடுத்தார்கள்.

எங்கள் கோவிலை வெளியே நின்று பார்ப்பவர்கள் அதிகம் நிற்கமாட்டார்கள். கடலில் எடுத்த முருகைக்கல்லில் எழுப்பிய பெட்டி போன்ற கட்டடம், உப்புக் காற்றில் அரித்த முகப்பு, ஒரு மணிக்கோபுரம். உள்ளே போனால்தான் விஷயம். இரண்டு முழ அகலச் சுவர். பகல் பன்னிரண்டு மணிக்கும் உள்ளே குளிர்மை. பக்கத்துக்கு ஆறு தூண்கள், தூணுக்குத் தூண் வளைவு. சுண்ணாம்புப் பூச்சைக் கையால் தடவினால் முட்டை ஓட்டைத் தடவுவது போல வழுக்கும். சன்னல்களைச் சிறியதாகவும் உயரத்திலும் வைத்திருந்தார்கள். காலைப் பூசை நேரத்தில் வெளிச்சம் சனத்தின் தலையில் விழாமல் நேரே பீடத்தில் போய் விழும். கட்டியவருக்குச் சூரியன் எந்த மாதம் எங்கே நிற்கும் என்று தெரிந்திருக்கிறது. பிற்காலத்தில் அந்த வெளிச்சம் போதாதென்று ரியூப் லைற் போட்டார்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.

அந்த வெளிச்சம் விழுந்த இடத்தில் நின்றதுதான் மரப்பீடம். பூசை வைக்கும் மேசைக்குப் பின்னால், மூன்று ஆள் உயரத்தில், சுவரை முழுக்க மறைத்துக்கொண்டு நின்ற செதுக்கு வேலை. நடுவில் மாதாவின் மாடம். மாடத்துக்கு இரு பக்கமும் முறுக்கிய தூண்கள். தூண்களில் திராட்சைக் கொடி ஏறும். குலை திராட்சைக் குலைதான். இலை மட்டும் பாவல் இலை. செதுக்கியவர் குலையைப் படத்தில் பார்த்திருப்பார். இலைக்கு வேலியைப் பார்த்திருக்கிறார். இறக்கை விரித்த சம்மனசுகளின் காதுகள் எங்கள் கிழவிகளின் காதுகளைப் போலத் தொங்கும். கீழே, அடிப்பலகையில், கடல். அலைக்குள் திருக்கை, நண்டு, ஒரு சிறிய வள்ளம். சீடர் இராயப்பர் தண்ணீரில் தாழ்கிறார். ஆண்டவர் கையை நீட்டுகிறார். ஆனால் இராயப்பர் அந்தக் கையைப் பிடிக்கவில்லை. வள்ளத்திலிருந்து தொங்கும் கயிற்றைப் பிடித்திருக்கிறார். எங்கள் ஊரில் விழுந்தவன் முதலில் எதைப் பிடிப்பான் என்று அந்த ஆளுக்குத் தெரியும்.

இதைச் செய்தவர்கள் சிற்பிகள் அல்லர். ஓடாவிகள்; வள்ளம் கட்டுகிறவர்கள். அதற்கு அத்தாட்சி பின்பக்கத்தில் இருந்தது. பீடத்துக்கும் சுவருக்கும் இடையில் ஒரு முழ இடைவெளி. சின்ன வயதில் பூசைக்கு உதவிய காலத்தில் அதற்குள் புகுந்து ஒளித்திருக்கிறேன். அங்கே நின்று பார்த்தால் ஓர் ஆணி கிடையாது. பலகையோடு பலகையைப் பொருத்தி, துளை போட்டு, தென்னங்கயிற்றால் தைத்திருந்தார்கள். முன்னால் மோட்சம், பின்னால் வள்ளம். நான் ஓய்வு பெற்று வந்தபோது அந்த இடைவெளிக்குள் என் வயிறு போகவில்லை.

வள்ளத்துக்குச் செய்வதைப் பீடத்துக்கும் செய்துவந்தார்கள். வாடை தொடங்குமுன் வள்ளங்களைக் கரையில் ஏற்றிச் சுறா எண்ணெய் பூசுகிற நாளில், வீட்டுக்கு ஒரு சிரட்டை எண்ணெய் கோவிலுக்கு வரும். ஆண்கள் பீடத்தின் முதுகிலும் அடிப்பலகையிலும் பழந்துணியால் தேய்ப்பார்கள். ஒரு மாதத்துக்கு அந்த நாற்றம் போகாது. சாம்பிராணி அதனிடம் தோற்றுப்போகும். எழுபதுகளில் இருந்த ஒரு பங்குச் சுவாமி, இது தேவாலயமா மீன்வாடியா என்று கேட்டு அதை நிறுத்தினார். லீவில் வந்திருந்த நானும் அன்று மூக்கைப் பிடித்துக்கொண்டு தலையாட்டினேன். நாகரிகம் என்று நினைத்தேன்.

நான் செயலாளராக வந்தபோது நாகரிகம் நன்றாகவே முன்னேறியிருந்தது. மாடத்தின் இரு பக்கமும் ரியூப் லைற். அந்த வெளிச்சத்தில் மாதா ஆஸ்பத்திரியில் கிடக்கிறவர் போலிருந்தார். தலைக்குப் பின்னால் அணைந்து அணைந்து எரியும் சிவப்புப் பல்ப் வளையம். பிளாஸ்ரிக் பூக்கள். அவற்றின் மடிப்பில் வருடக்கணக்கான தூசியும் பல்லி எச்சமும். அவற்றைக் கழுவலாம் என்று நான் சொன்னபோது ஒரு பெண், “கழுவினால் நிறம் போயிடும் ஐயா” என்றாள். வாடாத பூ என்று வாங்கியதை வாடவைக்கவும் முடியாது, எறியவும் முடியாது. பூசையின்போது அந்தப் பூக்களுக்குள் இருந்து ஒரு கரப்பொத்தான் வெளியே வந்து நற்கருணைப் பேழையின் மேல் மீசையை ஆட்டிக்கொண்டு நின்றதை நான் கண்ணால் கண்டேன்.

1984 தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து சனம் கலைந்த பிறகு, எங்கள் ஊர் ஓடாவி பீடத்தடியில் குந்தியிருந்தான். அவனும் நானும் ஐந்தாம் வகுப்புவரை ஒரே வாங்கில் இருந்தவர்கள். அதற்குப் பிறகு அவன் உளி எடுத்தான், நான் பேனை எடுத்தேன். கண்ட இடத்தில் அவன் என்னைக் கிளாக்கர் என்றுதான் கூப்பிடுவான்.

“கிளாக்கர், இஞ்சை வா. காதை வை.”

அவன் விரல் முட்டியால் இராயப்பரின் வள்ளத்தைத் தட்டினான். டக், டக். இரண்டு முழம் தள்ளித் திருக்கையைத் தட்டினான். பொத், பொத்.

“கேட்டியோ? திருக்கை செத்துப்போச்சு. உள்ளுக்குக் கறையான்.”

“உனக்கு எப்பிடித் தெரியும்?”

“நாப்பது வரியமா வள்ளத்தைத் தட்டுறன். நீ பேப்பரைத் தட்டுற மாதிரி.” அவன் எழுந்து கையைத் துடைத்தான். “இப்ப அடிப்பலகையிலைதான் நிக்குது. இந்தக் கிழமை நாலு முழத்தை வெட்டி எடுத்து, வேப்பம் பலகை வைச்சுத் தைச்சு, பின்னாலை எண்ணெய் விட்டால் பீடம் எங்களைப் புதைச்ச பிறகும் நிக்கும். மேலை ஏறவிட்டியளெண்டால் பிறகு நான் வேண்டாம், கூட்டி அள்ளத் தும்புத்தடியும் கடகமும் போதும்.”

“எத்தினை நாள் வேலை?”

“ரெண்டு. மழை பெய்தால் மூண்டு.”

அன்று பின்னேரமே சுவாமி சபையைக் கூட்டினார். சுவாமி முப்பது வயதுக்காரர்; சுறுசுறுப்பானவர்; எதையும் வெள்ளிக்கிழமைக்குள் முடிக்க விரும்புகிறவர். “அப்ப நாளைக்கே துவங்குவம்” என்றார். ஓடாவி உளிப்பையைக் கொண்டே வந்திருந்தான். நான் எழுந்து 1189ஆம் பிரிவை வாசித்தேன். முதலில் ஆங்கிலத்தில், பிறகு தமிழில். வாசித்துவிட்டு, அனுமதியில்லாமல் உளி வைத்தால் நாளைக்குப் பதில் சொல்லவேண்டியவர் பங்குச் சுவாமிதான் என்றும் சொன்னேன். சுவாமியின் சுறுசுறுப்பு அந்த இடத்தில் இருந்துவிட்டது.

“எழுத எத்தினை நாள் செல்லும் ஐயா?”

“கடிதம் இண்டைக்கே போகும், சுவாமி. மூண்டு பிரதி.”

ஓடாவி உளிப்பையைத் தோளில் போட்டான். “கிளாக்கர், கறையானுக்கும் ஒரு கொப்பி போடு. அனுமதி வருமட்டும் சாப்பிடாமல் இருக்கட்டும்.”

சபை சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு வீட்டுக்குப் போய் ரைப்ரைட்டரைத் திறந்தேன்.

அதைப்போல ஒரு கடிதத்தை நான் சேவையில் இருந்த காலத்திலும் எழுதியதில்லை. பீடத்தின் நீளம், அகலம், உயரம், செதுக்கு வேலையின் விவரம், பாவல் இலை, கயிற்றுத் தையல், சேதத்தின் அளவு, உத்தேச வேலை. இணைப்பு ஒன்று, இணைப்பு இரண்டு. மேலிடத்துக்கு அனுப்பினேன். அதை நான் மேலிடம் என்றே எழுதுகிறேன். அங்கிருந்தவர்களில் பலர் இன்று இல்லை, இருக்கிறவர்களுக்கு இது நினைவுமில்லை. ஒரு மாதம் பொறுத்து நினைவூட்டல். மறு மாதம் முந்தைய கடிதத்தையும் நினைவூட்டலையும் மேற்கோள் காட்டி இன்னொரு நினைவூட்டல். பதில் இல்லை.

“சைக்கிளிலை ஒருக்காப் போய்க் கேட்டால் என்ன?” என்றாள் மனைவி.

“கடிதத்துக்குப் பதில் கடிதம். நேரே போய் நிக்கிறது சிபாரிசு பிடிக்கிறதுக்குச் சமம்.”

“அப்ப அந்தக் கறையான் சிபாரிசிலையோ வந்தது?”

ஏழாம் மாதம் போனேன். ஒரு மெலிந்த லிகிதர் கோப்பை எடுத்துக் காட்டினார். என் கடிதம் ஒரு சுருக்கமும் விழாமல் உள்ளே இருந்தது. யாரோ சிவப்புப் பென்சிலால் 1189ஆம் பிரிவின் இரண்டாம் பகுதிக்குக் கீழே கோடு போட்டிருந்தார்கள். விஷயம் தெரிந்தவரைக் கலந்தாலோசிக்க வேண்டும். விஷயம் தெரிந்தவர் கொழும்பில் இருக்கிறார். அவருக்கு எழுதியாயிற்று. தபால் எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அந்த லிகிதர் என்னிடம் மிகவும் மரியாதையாகச் சொன்னார்: “உங்கடை கடிதம் நல்ல வடிவாய் இருக்குது ஐயா. இஞ்சை எல்லாரும் வாசிச்சவை.” நான் மகிழ்ந்தேன். என்ன செய்வது, மகிழ்ந்தேன். ஒரு முறையான கோப்பு முறையாக நகர்கிறது என்ற திருப்தியோடு சைக்கிள் மிதித்து வந்தேன். இந்த மகிழ்ச்சியை நினைக்கும்போதுதான் எனக்கு அதிகம் குமட்டுகிறது. கரப்பொத்தான்கூடப் பிறகுதான்.

1985இல் கடல் பூட்டிக்கிடந்தது. சண்டையால் கடலுக்குப் போக அரசாங்கத் தடை; மீறிப்போனவர்களில் சிலர் திரும்பவில்லை. வள்ளங்கள் கரையில் காய்ந்தன. ஆண்கள் பகல் முழுக்கக் கோவில் வாசலில் இருந்து கடதாசிச் சீட்டு விளையாடினார்கள். ஆவணியில் மாதா திருநாள் வந்தது. கையில் தொழில் இல்லாத அத்தனை பேருக்கும் மாதாவுக்கு ஏதாவது செய்யவேண்டும் என்ற ஆசை. சுவாமி என் வீட்டுக்கு வந்தார்.

“ஐயா, ஒரு சந்தேகம். துடைக்கிறது, துப்புரவாக்கிறது, நிறம் மங்கினதைப் புதுப்பிக்கிறது, இதெல்லாம் அந்தப் பிரிவுக்குள்ளை வருமோ?”

எனக்கு ஒரு கேள்வி கேட்டால் போதும். பழுதுபார்த்தல் வேறு, பராமரிப்பு வேறு என்றேன். அரசாங்கக் கட்டடங்களிலும் அப்படித்தான். கட்டமைப்பில் கைவைத்தால் பழுதுபார்த்தல், மேற்பரப்பில் செய்வது பராமரிப்பு. பராமரிப்புக்கு அனுமதி தேவையில்லை.

“எழுத்திலை தருவியளோ?”

எழுத்தில் கொடுத்தேன். ஒப்பமும் வைத்தேன். பிளாஸ்ரிக் பூக்களைக் கழுவப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

அந்தக் கிழமை உரும்பிராயில் என்னோடு வேலை செய்த ஒருவருடைய மகளின் கல்யாணம். நானும் மனைவியும் போய், வழியில் பஸ் நின்றுபோனதால் மூன்று நாள் தங்க நேர்ந்தது. திருநாளுக்கு முதல்நாள் காலை திரும்பி வந்தோம். கோவில் வாசலிலேயே வாசனை வந்துவிட்டது. வள்ளத்துக்கு அடிக்கும் எனாமல் பெயின்ற்.

உள்ளே போனேன். முதலில் எனக்கு எதுவும் தெரியவில்லை. மின்னிய மின்னலில் கண் கூசியது. பிறகு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. தூண்கள் கடும் நீலம். கொடி பச்சை. திராட்சைக் குலை ஊதாவும் இல்லாமல் சிவப்பும் இல்லாமல், காயம்பட்ட இடம் கன்றிப்போனது போன்ற நிறம். சம்மனசுகளுக்குக் கறுப்புப் புருவம், ரோசாக் கன்னம், படத்தட்டி நடிகைகளின் உதடு. தொங்கிய காதுகளில் மஞ்சள் பெயின்ற்றால் தோடு போட்டுவிட்டிருந்தார்கள். அடிப்பலகையில் கடல் எங்கள் ஊர் வள்ளங்களின் நீலம், திருக்கை வெள்ளி, நண்டு செம்மஞ்சள். இராயப்பரின் வள்ளத்துக்கு முன்முனை அணியத்தில் ஒரு பதிவு இலக்கமும் எழுதி, அதன் கீழே சிவப்புக் கோடும் இழுத்திருந்தார்கள். மீன்பிடித் திணைக்கள விதிப்படி எல்லாம் சரி. பழைய நிறங்கள், மண்ணையும் கல்லையும் அரைத்துப் பூசிய அந்த மங்கிய சிவப்பும் பொன்தகடும், ஒன்றும் மிச்சமில்லை. சீலைத்தாளால் தேய்த்துத்தான் அடித்தார்களாம். நல்ல வேலைக்காரர்கள்.

பெயின்ற் இன்னும் காயவில்லை. மாதாவின் மாட விளிம்பில் ஈக்கள் ஒட்டியிருந்தன. சில இன்னும் காலை ஆட்டிக்கொண்டிருந்தன.

என் பக்கத்தில் நின்ற ஒரு பெண் கண்ணைத் துடைத்தாள். அவளுடைய புருஷன் கடலில் காணாமல் போய் நாலு மாதம். “இப்பத்தான் மாதா முழிச்சிருக்கிறா, என்ன ஐயா?” என்றாள். ஓம் என்றேன்.

சுவாமியிடம் போனேன். அவர் என் கடிதத்தை எடுத்து நீட்டினார். மேற்பரப்பு, பராமரிப்பு, அனுமதி தேவையில்லை. கீழே என் ஒப்பம், அழகான ஒப்பம்.

வீட்டில் மனைவியிடம் ஒரு மணித்தியாலம் கத்தினேன். அவள் மீன் வெட்டிக்கொண்டு கேட்டாள். “இஞ்சேருங்கோ, அவங்களிட்டை இருந்தது அந்தப் பெயின்ற்தான். வள்ளத்துக்கு அடிக்க வாங்கி வைச்சதை மாதாவுக்கு அடிச்சிருக்கிறாங்கள். நீங்கள் என்ன குடுத்தனீங்கள்? கடுதாசி.”

ஓடாவி அந்த வேலையில் தூரிகை தொடவில்லை. திருநாள் முடிந்த மறுநாள் அவனை மரப்பீடத்தடியில் கண்டேன். திருக்கையைத் தட்டினான். சத்தமே வரவில்லை. இரண்டு முழம் மேலே தூணைத் தட்டினான். பொத்.

“தூணுக்கு ஏறிட்டுது. பெயின்ற் அடிச்சு வாயையும் மூடிக் குடுத்தாச்சு. காத்துமில்லை, வெளிச்சமுமில்லை. இனி அது ஆறுதலாய் இருந்து சாப்பிடும்.”

அவன் குரலைத் தாழ்த்தினான்.

“கிளாக்கர், நான் சொல்லுறதைக் கேள். பின்பக்கத்தாலை நான் போவன், நான் உன்னை மாதிரிக் கொழுக்கேல்லை. தையலை அறுத்து, கெட்ட பலகையை இழுத்து எடுத்து, புதுசைத் தைச்சுவிடுறன். முன்னாலை ஒரு சுவடும் தெரியாது. சுவாமிக்கும் தெரியத் தேவையில்லை. கோவில் துறப்பு உன்னட்டை இருக்குது. துறப்பை மட்டும் தா. ரெண்டு நாள் எண்டது இப்ப ஒரு கிழமை. ஆனால் நிப்பாட்டலாம்.”

அந்த நேரம் என் கையில் கோவில் கதவுத் திறப்பு இருந்தது. உண்மையாகவே கையில்தான் இருந்தது. விரலில் மாட்டிச் சுழற்றிக்கொண்டிருந்தேன். எனாமல் விஷயத்தில் ஒருமுறை ஏமாந்தவன், இனி விதியை விட்டு ஒரு அங்குலமும் நகரக்கூடாது என்று நினைத்தேன். நான் நகராமல் நின்றால்தான் மற்றவர்கள் செய்தது பிழை என்று ஆகும்.

“அனுமதி வரட்டும்” என்றேன். “கொழும்பிலிருந்து வந்துகொண்டிருக்குது.”

அவன் கடைசியாக ஒருமுறை தூணைத் தட்டினான். “கொப்பர் உன்னைக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போகாதது நல்லதாப் போச்சு. வள்ளத்துக்குள்ளை தண்ணி வந்தாலும் நீ அள்ளமாட்டாய். ஆர் அள்ளவேணும் எண்டு எழுதிக் கேப்பாய்.”

அடுத்த வருடம் கரையோரத்தில் அவன் வள்ளம் கட்டும் கொட்டில் இருந்த இடத்துக்கு யாரும் போகக்கூடாது என்று ஆனது. அவன் குடும்பத்தோடு ஒரு வள்ளத்தில் அக்கரைக்குப் போனான். அவன் கட்டிய வள்ளம்தான். போகுமுன் சொல்லிக்கொள்ள வரவில்லை. மண்டபம் பக்கத்தில் வள்ளத்துப் பலகை இடுக்குகளை அடைக்கும் கலப்பத்து வேலை செய்கிறான், நல்லாய் இருக்கிறான் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

1987 மாசியில், ஒரு வியாழக்கிழமை காலை, பூசை முடிந்து பத்துப் பதினைந்து பேர் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தோம். பெரிய சத்தம் ஒன்று கேட்டது. அந்த நாட்களில் சத்தம் கேட்டால் என்ன செய்யவேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். வாங்குகளுக்கு இடையில் குப்புறப் படுத்தோம். ஒரு ஷெல் விழுந்தால் இரண்டாவது வரும். வாயைத் திறந்து காதைப் பொத்திக்கொண்டு கிடந்தேன். இரண்டாவது வரவில்லை. தூசி வந்தது. அதோடு ஒரு நாற்றம். ஈர மண்ணும் பழைய பெயின்ற்றும் கலந்தது. தலையைத் தூக்கிப் பார்த்தபோது மாதாவின் மாடம் இருந்த இடத்தில் வெறும் சுவர் தெரிந்தது.

வேலிக்கு வேலி, வீட்டுக்கு வீடு ஷெல்லால் விழுந்துகொண்டிருந்த அந்த வருடத்தில், எங்கள் மரப்பீடம் தானாக விழுந்தது.

கிட்டப் போனேன். மரம் என்று சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. மண் குழாய்களும் சக்கையும். அவற்றுக்குள் வெள்ளைப் புழுப்போலக் கறையான்கள் ஆயிரக்கணக்கில் நெளிந்தன, வெளிச்சத்தைக் கண்டு ஒன்றின்மேல் ஒன்று ஏறி ஓடின. ஆனால் பெயின்ற் உடையாமல் இருந்தது. மூன்று பூச்சு எனாமல்; நல்ல சாமான். ஒரு சம்மனசின் முகத்தை எடுத்தேன். முட்டைக் கோதுபோலப் பாரமில்லை. புருவம், கன்னம், உதடு, மஞ்சள் தோடு எல்லாம் இருந்தன. திருப்பிப் பார்த்தால் பின்னால் ஒன்றுமில்லை. பெயின்ற் மட்டும். மூக்கின் குழிக்குள் இருந்து ஒரு கறையான் வெளியே வந்து என் பெருவிரலில் ஏறியது. முகத்தைப் போட்டுவிட்டுப் பின்வாசலுக்குப் போய் வாந்தி எடுத்தேன். செபமாலைக்கு வந்தவர்கள் பயத்தில் எடுத்தேன் என்று நினைத்து முதுகைத் தடவிவிட்டார்கள்.

மூன்றாம் நாள் சபை கூடியது. சுவாமியின் முகம் வெளிறிப்போயிருந்தது, ஆனாலும் யோசனை சுறுசுறுப்பாகத்தான் ஓடியது.

“ஐயா, ஷெல் அதிர்ச்சியாலை விழுந்தது எண்டு எழுதினால் என்ன? அப்பிடியெண்டால் திருப்பிக் கட்ட ஆரும் உதவி செய்வினம்.”

“அண்டைக்கு ஷெல் விழேல்லை, சுவாமி.”

“முந்தினநாள் விழுந்ததுதானே?”

“அது பட்டணத்திலை, கோட்டைப் பக்கம்.”

“அதிர்ச்சி எல்லா இடமும் வரும்தானே ஐயா. ஆர் அளந்து பாக்கப்போறான்?”

மினிற் புத்தகம் என் முன்னால் இருந்தது. விழுந்ததற்குக் காரணம் என்று எழுதி, கறையான் என்று எழுதினேன். பேனையை எடுக்கவில்லை. பழுதுபார்க்கும் வேலையைச் செயலாளர் இரண்டு முறை தடுத்தமையும் என்று அதே வரியில் சேர்த்தேன். சுவாமி எட்டிப் பார்த்தார்.

“இதை ஏன் ஐயா எழுதுறியள்?”

“நடந்ததைத்தான் குறிப்பிலை எழுதலாம்.”

“அப்ப பெயின்ற்?”

“அதுக்கும் என்ரை கடிதம் இருக்குது. அதைக் கோப்பிலை போடுங்கோ.”

அந்தக் கூட்டத்தோடு செயலாளர் பதவியை விட்டேன். யாரும் தடுக்கவில்லை.

புதிய பீடம் சீமெந்தில் எழுந்தது. அதன்மேல் குளியலறைக்குப் போடும் தட்டை ஓடுகளை ஒட்டினார்கள். வெளிர் பச்சை, நடுவில் ஒரு பூ. ஊரில் வீட்டை விட்டுப் போன யாரோ குளியலறைக்கு வாங்கி ஒட்டாமல் விட்டுச் சென்றவையாம். பூக்கள் சில இடங்களில் தலைகீழாக இருக்கின்றன. காலை வெளிச்சம் இப்போதும் கட்டியவர் நினைத்த இடத்தில்தான் விழுகிறது. விழுந்து, பச்சை ஓட்டில் பட்டு, சனத்தின் கண்ணுக்குள் அடிக்கிறது. நான் தூணுக்குப் பின்னால் ஓர் இடம் பார்த்து வைத்திருக்கிறேன். அங்கே இருந்தால் பீடம் தெரியாது. கழுவ வசதி என்கிறார்கள். உண்மை. ஒரு ஈரத் துணி போதும்.

அதற்குப் பிறகு வந்த பெரிய காரியங்கள் எல்லாருக்கும் தெரிந்தவை. அவற்றை எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் மேலிடத்துக்கு எழுதவில்லை. கோப்பை முடித்துவிடுமாறு ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். அதுதான் முறை. எழுதக் கை வரவில்லை.

பிறகு ஒருநாள் தபாற்காரர் வந்தார். பழைய செயலாளரின் பெயருக்கு, அதாவது எனக்கு, ஒரு நீளக் கடித உறை. உள்ளே ரைப் செய்த ஒரு தாள். அதில் போட்டிருந்த திகதிக்கும் அன்றைக்கும் இடையில் பதினொரு மாதம். என் முதற் கடிதத்தின் இலக்கம், நினைவூட்டல்களின் இலக்கங்கள் எல்லாம் பிழையில்லாமல் மேற்கோள் காட்டப்பட்டிருந்தன. விஷயம் தெரிந்தவரின் அபிப்பிராயம் கிடைத்துவிட்டது. விண்ணப்பிக்கப்பட்ட வேலைக்கு அனுமதி வழங்கப்படுகிறது. ஆணி கூடாது, கயிற்றால் தைக்கவேண்டும். எக்காரணம் கொண்டும் எனாமல் பூசக்கூடாது. பின்பக்கத்துக்கு வருடந்தோறும் மீன் எண்ணெய் பூசுவது சிறந்தது. இவ்வேலையைச் சிற்பிகளிடம் கொடுக்காமல் வள்ளம் கட்டுபவர் ஒருவரிடம் ஒப்படைப்பது நல்லது. அப்படியானவர் உங்கள் ஊரிலேயே இருக்கக்கூடும்.

கடைசிப் பந்தி இரண்டு வரி. கறையான் பிடித்த பலகையை உடனே அகற்றுவது வழமையான பராமரிப்பாகும் என்றும், அதற்கு 1189ஆம் பிரிவின் கீழ் அனுமதி கேட்டுக் காத்திருக்கவேண்டிய அவசியம் தொடக்கத்திலேயே இருக்கவில்லை என்றும் இருந்தது.

மனைவி வாசித்தாள். மடித்து மேசையில் வைத்தாள். அவள் ஏதாவது சொல்லியிருக்கலாம்.

நான் எழுந்து அலுமாரியைத் திறந்து, மை காய்ந்துபோன பெட்டியில் எச்சில் தொட்டு, கடிதத்தின் வலது மேல்மூலையில் கிடைக்கப்பெற்றது என்ற முத்திரையைக் குத்தினேன். திகதியைக் கையால் எழுதினேன்: 1989 சித்திரை 11, செவ்வாய்க்கிழமை.